சிந்தசைசர் வாங்கலாமா? ஒரு மூன்று மாதக் குழப்பம்

போன செமஸ்டர் லீவில் தொற்றிக்கொண்ட வியாதி இது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தவனை எல்லாம் பிடித்து வைத்து, "மச்சி, ஹார்டுவேர் சிந்தசைசர் ஒண்ணு வாங்கலாமா, வேணாமா?" என்று கேட்டிருக்கிறேன். "வாங்கு" என்று சொன்னவர்கள் பஜ்ஜியை சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள். "அப்படின்னா என்னடா?" என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் காசு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. என்னிடம் 52,000 ரூபாய் இருந்தது. அப்பா கொடுத்த காசு இல்லை. இரண்டு வருஷமாகப் பங்குனி, சித்திரை திருவிழா சீசனில் மாமாவின் மெல்லிசைக் குழுவில் இரண்டாவது கீபோர்டு வாசித்ததும், எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேருக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்ததும் சேர்ந்து வந்தது. அதனால் அப்பா "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் "உன் இஷ்டம்" என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது என்னிடம் இருக்கும் சாமான்கள்: ஐந்து வருஷ லேப்டாப், 8 ஜிபி ராம். ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் (விலையும் குறைவு, பழைய மெஷினிலும் முனகாமல் ஓடும்). சத்தங்களுக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்ட் என்று மூன்று சாஃப்ட்வேர் சிந்தசைசர்கள், மூன்றுமே இலவசம். அப்புறம் 25 கீ உள்ள ஒரு குட்டி மிடி கீபோர்டு. அதை வாசித்தால் கைவிரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். இவை எல்லாவற்றையும் வைத்து இரண்டு வருஷத்தில் நான் உருவாக்கியது 43 அரைகுறைப் பாட்டுகள். "புதுசு", "புதுசு_2", "புதுசு_கடைசி", "புதுசு_கடைசி_நிஜமா" என்கிற ரீதியில் கிடக்கின்றன. முழுசாக முடிந்தது ஒன்று. அதுவும் காலேஜ் சிம்போசியத்துக்கு டெட்லைன் இருந்ததால் முடிந்தது.

சிந்தசைசர் என்றால் என்னடா என்று கேட்டவர்களுக்காக: நம்ம ஊர் கச்சேரி கீபோர்டில் வயலினை அழுத்தினால் வயலின் வரும், தபேலாவை அழுத்தினால் தபேலா வரும். யாரோ எங்கேயோ நிஜ வாத்தியத்தைப் பதிவு செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள். சிந்தசைசரின் பிழைப்பு வேறு. ஒரு மின்சுற்று ரம்பப் பல் மாதிரியோ சதுரமாகவோ ஒரு அலையை உண்டாக்கும். அது காது கிழியும் சத்தம். அதை ஃபில்டரில் விட்டுச் சீவி, எப்போது எழும்ப வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து நாமே ஒரு சத்தத்தைச் செய்துகொள்ள வேண்டும். மினிமூக் 1970-ல் இதை மேடைக்குத் தூக்கிப் போகிற அளவுக்குச் சுருக்கியது. 1983-ல் யமாஹா டிஎக்ஸ்7 ஃபில்டரே இல்லாமல் ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டி சத்தம் செய்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த வழி அது. 1999-க்கு அப்புறம் இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராகவே நுழைந்துவிட்டது. அந்த டிஎக்ஸ்7-ன் நகல்தான் என்னிடம் இலவசமாக இருக்கும் டெக்ஸ்ட். அப்புறம் எதற்குடா பெட்டி என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. மூன்று மாதமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஆசைப்பட்ட பெட்டி கோர்க் மினிலாக் எக்ஸ்டி. 2019-ல் வந்தது. நிஜமான அனலாக் சுற்று, நான்கு குரல், 37 கீ, மேலே முழுக்கத் திருகுகள். யூட்யூபில் அதைத் திருகிக்கொண்டே பேசும் வெள்ளைக்கார அண்ணன்கள் ஒரு ஐம்பது பேராவது இருப்பார்கள். ஐம்பது பேரையும் பார்த்துவிட்டேன். எல்லாருடைய அறையிலும் ஒரு செடித் தொட்டி இருக்கிறது. எல்லாரும் "வெதுவெதுப்பான சத்தம்" என்கிறார்கள். கடையில் எனக்குச் சொன்ன விலை 63,000. கையில் இருப்பதற்கு மேல் பதினோராயிரம். யாரிடம் கடன் கேட்பது என்று பட்டியல்கூடப் போட்டுவிட்டேன். (மச்சி, உன் பெயர்தான் முதலில் இருந்தது.)

நல்லவேளை, பட்டியலை நீட்டுவதற்கு முன்னால் சென்னையில் ஒரு சீனியர் அதே பெட்டியை வைத்திருப்பது தெரிந்தது. ஒரு சனி, ஞாயிறு அவர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுக்குக் கோயில் கட்டலாம். பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு "நான் துணி துவைக்கணும்" என்று போய்விட்டார்.

முதல் ஒரு மணி நேரம் கல்யாணமான புதுசு மாதிரி இருந்தது. ஃபில்டர் திருகைப் பிடித்து மெதுவாகத் திறந்தால் சத்தம் கையோடு வருகிறது. மௌஸில் நாம் திருகுவது திருகின் படத்தைத்தான். இங்கே இரண்டு கையால் இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றலாம், கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். அப்புறம் தாமதம் என்ற பேச்சே இல்லை. என் லேப்டாப்பில் பஃபரை 512 சாம்பிளுக்குக் கீழே இறக்கினால் பொரிகிற சத்தம் வரும். 44,100-ல் 512 என்றால் போகிற வழியிலேயே 11.6 மில்லிசெகண்ட் போய்விடும், மற்ற தாமதங்கள் தனி. கேட்கும்போது தெரியாது, வாசிக்கும்போது விரலுக்குத் தெரியும். ஏதோ ஈரச் சேற்றில் நடப்பது மாதிரி. பெட்டியில் அது இல்லை.

ராத்திரி ஒரு சோதனை செய்தோம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் சும்மா ரசித்துவிட்டு வர முடியுமா? பெட்டியில் ஒரு பேஸ் சத்தம். அதே மாதிரி சர்ஜில் காதால் பொருத்திப் பொருத்தி இன்னொன்று. இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் பதிவு செய்து, அண்ணன் எது எது என்று சொல்லாமல் பத்து தடவை போட்டுக் காட்டினார். தனியாகக் கேட்டபோது பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். "இப்ப பாட்டுக்குள்ள வெச்சுப் போடறேன்" என்று டிரம்ஸ், மற்ற வாத்தியங்களோடு சேர்த்துப் போட்டார். பத்துக்கு ஐந்து. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும். காலரை இறக்கிவிட்டுத் தூங்கப் போனேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று நடந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் ஆறு மணிக்குள் இரண்டு நிமிஷப் பாட்டு ஒன்றை முடித்துவிட்டேன். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன், இது எப்படி நடந்தது? பெட்டியின் சத்தத்தால் நடக்கவில்லை. ஒரு சத்தத்தைப் பிடித்தேன், ஆடியோவாகப் பதிவு செய்தேன், அடுத்த சத்தத்துக்காக அதைக் கலைத்தேன். ஏனென்றால் இருப்பது ஒரு பெட்டி. பதிந்தது பதிந்ததுதான். ஹாஸ்டலில் நான் என்ன செய்வேன் என்றால், முப்பதாவது டிராக் போடும்போது முதல் டிராக்கின் பேஸை மாற்றிக்கொண்டிருப்பேன். மூன்று வாரம் கழித்தும் மாற்றிக்கொண்டிருப்பேன். எதுவும் முடிவாகாது, ஏனென்றால் எதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அப்படியென்றால் அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ள முடியாதா? மூன்று வாரம் முயன்று பார்த்தேன். ஒரு பாட்டுக்கு சர்ஜ் மட்டும்தான், அதிலும் ஒன்றுதான் திறக்கலாம். வாசித்ததும் ஆடியோவாக மாற்றிவிட வேண்டும், மிடியை அழித்துவிட வேண்டும். என் ரூம்மேட்டிடம் இதைச் சொன்னபோது "நீ டயட் இருக்கற மாதிரி பேசற" என்றான். நிஜமாகவே டயட் மாதிரிதான் இருந்தது, இரண்டு தடவை ராத்திரியில் திருட்டுத்தனமாக இன்னொன்றைத் திறந்தேன். ஆனாலும் மூன்று வாரத்தில் இரண்டு பாட்டு முடிந்தது. இரண்டு வருஷத்தில் ஒன்று முடித்தவனுக்கு இது பெரிய விஷயம். மினிலாக்குக்கு நான் வைத்திருந்த காரணங்களில் பெரியது இதோடு போயிற்று. வெதுவெதுப்பு ஏற்கனவே பத்துக்கு ஐந்தில் போய்விட்டது.

போகாத காரணம் ஒன்று இருந்தது. கமகம்.

கீபோர்டில் சுரம் என்பது படிக்கட்டு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவலாம், நடுவில் நிற்க முடியாது. நம்ம சங்கீதம் முக்கால்வாசி நடுவில்தான் நிற்கிறது. தோடியில் காந்தாரத்தை ஆட்டாமல் நேராக ஒரு கீயை அழுத்திப் பாருங்கள், அது தோடியே இல்லை, காலிங் பெல். இதற்காகத்தான் இடது கையில் பிட்ச் பெண்ட் என்று ஒரு சக்கரமோ குச்சியோ வைத்திருக்கிறார்கள். கீபோர்டு சத்யநாராயணன் முழுக் கர்நாடகக் கச்சேரியே அதில் செய்கிறார். அவர் இடது கையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மிடியில் மற்றத் திருகுகளுக்கு எல்லாம் 0 முதல் 127 வரை 128 படிதான், ஆனால் இந்த வளைவுக்கு மட்டும் 16,384 படிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காது சுருதியில் படியைக் கண்டுபிடித்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

ஹார்டுவேர் என்றதும் எனக்கு சரண்ஜித் சிங் ஞாபகம் வராமல் போகாது. பம்பாயில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர். 1982-ல் ரோலண்ட் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 என்று மூன்று பெட்டிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டிபி-303 என்பது பேஸ் கிடாருக்குப் பதிலாக விற்க நினைத்து, விலை போகாமல் நின்றுபோன பெட்டி. ஐந்து வருஷம் கழித்து 1987-ல் சிகாகோவில் அதே பெட்டியை வைத்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசையே கிளம்பியது. 2010-ல் சரண்ஜித் சிங்கின் ரெக்கார்டை மறுபடி வெளியிட்டபோது கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள், இது அதுக்கும் முன்னாடியே இருக்கே என்று. என்னைக் கேட்டால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 303-ல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக ஒரு வசதி உண்டு. ராகம் வாசிக்கிற கை அதைத்தான் முதலில் தேடியிருக்கும்.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். நிஜமான குழப்பம் அங்கேதான்.

மாமாவிடம் ரோலண்ட் எக்ஸ்பி-60 இருக்கிறது. 1998-ல் வந்த மாடல். 61 கீ, 64 குரல், ஃப்ளாப்பி போடும் வாய் எல்லாம் உண்டு. 2003-ல் சென்னையில் செகண்ட் ஹேண்டில் 65,000 கொடுத்து வாங்கினார். அத்தையின் வளையல் இரண்டு ஜோடி அடகுக்குப் போன கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். ஒரு ஜோடி திரும்பி வந்தது. திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி என்று இருபது வருஷத்துக்கு மேலாக எந்தக் கோயில் கொடைக்கும் இந்தப் பெட்டி போகாமல் இருந்ததில்லை. நான் முதன்முதலில் தொட்ட கீபோர்டும் அதுதான். தொட்டதற்கு ஒரு குட்டும் வாங்கினேன்.

ரோலண்ட் பெட்டிகளில் சக்கரம் இருக்காது, ஒரு குச்சி இருக்கும். இடது வலது தள்ளினால் சுருதி வளையும், முன்னால் தள்ளினால் அதிர்வு வரும், விட்டால் ஸ்பிரிங் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். மாமா இதில் ஒரு நாதஸ்வர டோன் செய்து வைத்திருக்கிறார். (கச்சேரிக்காரர்கள் சத்தத்தை டோன் என்பார்கள், கம்பெனி புத்தகத்தில் பேட்ச் என்று போட்டிருக்கும்.) ஷெனாய் சத்தத்தை அடியில் போட்டு, மேலே லேசாக சுருதி விலகிய இன்னொன்றை வைத்து, குச்சியை முன்னால் தள்ளினால் மட்டும் அது எழும்பி வருகிற மாதிரி. வளைவும் மேலே ஓர் அளவு, கீழே வேறு அளவு. மல்லாரி வாசிக்கும்போது மண்டபத்துக்கு வெளியே இருக்கிற ஆள் நிஜ நாயனம் என்று நினைத்து எட்டிப் பார்ப்பான். நானே பார்த்திருக்கிறேன்.

போன மாதம் அம்மா போனில் சொன்னார், மாமா பெட்டியை விற்கப் போகிறாராம். குழுவுக்கு முன் மாதிரி கூப்பிடுவதில்லை. டிராக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேர் பாடினால் கச்சேரி முடிந்துவிடுகிறது. எட்டு பேர், வேன், சாப்பாடு என்று எவன் செலவு செய்வான்? நானே கம்ப்யூட்டரில் டிராக் செய்கிற ஜாதி என்பதால் இதைக் கேட்டதும் கொஞ்சம் உறுத்தியது. மாமா மகள் பன்னிரண்டாவது முடிக்கிறாள். விற்பதற்கு அதுதான் காரணம் என்று மாமா சொல்லவில்லை, அம்மா சொன்னார். "தம்பிகிட்ட நீ பேரம் கீரம் பேசிக்கிட்டு இருக்காத" என்றும் சொன்னார்.

மாமாவுக்குப் போன் செய்தேன்.

"ஆமா மாப்ள, குடுத்துரலாம்னு இருக்கேன். உனக்கு வேணும்னா எடுத்துக்க. நீ குடுக்கறத குடு."

"நீ குடுக்கறத குடு" என்பது உலகத்திலேயே கஷ்டமான விலை.

அந்த வாரம் முழுக்கக் கணக்குப் போட்டேன். அறிவு சொன்னது, வேண்டாம். எக்ஸ்பி-60 அனலாக் கிடையாது. உள்ளே இருப்பது பதிவு செய்த சத்தங்கள்தான், 1994-ல் வந்த ஜேவி-1080-ன் வம்சம். அந்த ஜேவி-1080-ஐ ரோலண்டே இப்போது சாஃப்ட்வேராக விற்கிறது. திருகுகளும் அவ்வளவாக இல்லை, எல்லாம் மெனுவுக்குள் மெனு. ஹாஸ்டலில் வைக்க இடமும் இல்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளினால் ரூம்மேட்டின் பெட்டி வெளியே வரும். மினிலாக்குக்கு எதிராக நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை வாதமும் இதற்கு இன்னும் பலமாகப் பொருந்தியது.

ஒன்றே ஒன்று தவிர. எனக்குத் தேவை சத்தம் இல்லை என்று அந்த பத்துக்கு ஐந்து ஏற்கனவே சொல்லிவிட்டது. எனக்குத் தேவை முழு அளவு கீ, ஐந்து ஸ்தாயி, ஒழுங்கான ஒரு குச்சி. மினிலாக்கில் குச்சி உண்டு, ஆனால் மூன்று ஸ்தாயி, கீயும் சிறிசு. எக்ஸ்பி-60-ன் பின்னால் மிடி அவுட் இருக்கிறது. மிடி என்பது 1983-ல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னால் நின்று, போட்டிக் கம்பெனிகளை ஒரே மொழி பேச வைத்த சமாச்சாரம். 1986-ல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜாவிடம் ரஹ்மான் சீக்வென்சர் புரோகிராம் செய்தாரே, அதுவும் இந்த மொழியில்தான். அந்த மொழி இன்னும் மாறவில்லை. 1998-ல் செய்த பெட்டி என் லேப்டாப்போடு இன்றைக்கும் பேசும். அதாவது நான் இதை சிந்தசைசராக வாங்கத் தேவையில்லை, வெறும் கீபோர்டாக வாங்கலாம்! மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிறு திண்டுக்கல் போனேன். பெட்டியை ஆன் செய்ததும் திரையில் முதலில் வந்தது பேட்டரி குறைவு என்ற செய்தி. "அது நாலு மாசமா அப்படித்தான் சொல்லுது, அமுக்கினா போயிரும்" என்றார் மாமா. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளே நாணயம் சைஸில் ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது நாம் சேமித்து வைத்த டோன்களை உயிரோடு வைத்திருப்பது அதுதான். 128 இடம் உண்டு, மாமா கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார். அந்த பேட்டரி செத்தால் நாதஸ்வரமும் போகும். ஃப்ளாப்பியில் ஏற்றி வைக்கவில்லையா என்று கேட்டேன். ஃப்ளாப்பி டிரைவ் செத்து வருஷக்கணக்காகிறதாம்.

மிடி கேபிள் வழியாகவே அத்தனை டோனையும் கம்ப்யூட்டருக்கு எடுக்கலாம். விலை குறைந்த ஒரு யூஎஸ்பி மிடி கேபிளோடு போயிருந்தேன். எடுத்தேன், வந்தது, சந்தோஷம். நல்லவேளை சந்தேகப் புத்தி. ரோலண்ட் ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் வைக்கிறது. முகவரி, தகவல், அந்த எண் எல்லாவற்றையும் கூட்டினால் 128-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். பைதானில் இருபது வரி எழுதி ஓட்டிப் பார்த்தால் பாதி செய்திகள் தேறவில்லை. இந்த மாதிரி மலிவு கேபிள்கள் சுரங்களை ஒழுங்காகக் கடத்தும், நீளமான செய்தி வந்தால் நடுவில் பைட்டுகளை முழுங்கிவிடும். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு, சீனியரிடம் நிஜ மிடி துளைகள் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸைக் கடன் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். அண்ணனுக்கு இரண்டாவது கோயில். மிடியில் ஒரு செகண்டுக்கு 3,125 பைட்தான் போகும், அது 1983-ன் வேகம். கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நானும் மாமாவும் தரையில் உட்கார்ந்திருந்தோம். முழுக்க எடுத்ததும் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் தேறியது. மொத்தம் நூறு கிலோபைட்டுக்குள்.

"அவ்வளவுதானா?" என்றார் மாமா. "வாட்சப்புல வர்ற போட்டோ இதவிடப் பெருசு இல்ல மாப்ள?"

ஆமா மாமா என்றேன்.

பேட்டரியை மாற்றினோம், டோன்களைத் திரும்ப ஏற்றினோம். மாமா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அவர் மறந்தே போன டோன்கள் சில இருந்தன. ஏதோ ஒரு புல்லாங்குழலைத் தட்டிவிட்டு "இது பழனியில ஒரு கல்யாணத்துக்காகச் செஞ்சது, அந்தப் பொண்ணுக்கே இப்ப காலேஜ் போற பையன் இருக்கான்" என்றார்.

விலை பேச்சு. இந்த மாதிரி பழைய பெட்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று விசாரித்து வைத்திருந்தேன். பேட்டரி மாற்றிய, ஃப்ளாப்பி செத்த நிலையில் பதினைந்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. நான் இருபத்தைந்து என்றேன். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தா, உங்கம்மாவா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "இருபது குடு. ஆனா சித்திரைக்கு எனக்கு ரெண்டு வாரம் வேணும். அப்ப வந்து, நான் வித்துட்டேன், தர மாட்டேன்னு சொல்லக் கூடாது." இருபதுக்கு முடிந்தது. அது சரியான விலையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பதினைந்து கொடுத்திருந்தால் தூக்கம் வந்திருக்காது. இருபத்தைந்தை அவர் வாங்கியிருந்தால் அவருக்கு வந்திருக்காது.

ஆக, இப்போது எக்ஸ்பி-60 என்னிடம். ஹாஸ்டலில் வைக்க முடியாததால் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். வார இறுதியில்தான் வாசிக்க முடிகிறது, அதுவும் ஒரு வகையில் டயட். மீதிக் காசில் லேப்டாப்புக்கு ராம் 16 ஆக்கினேன், மிடி துளை உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினேன். இன்னும் கொஞ்சம் பேங்கில் இருக்கிறது. குச்சியை சர்ஜில் சுருதியோடு ஃபில்டருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன், மேலே வளைத்தால் சத்தமும் கொஞ்சம் திறக்கும். தோடி இன்னும் வரவில்லை. காலிங் பெல்லிலிருந்து ஆம்புலன்ஸுக்கு முன்னேறியிருக்கிறேன்.

போன வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே டீ எடுக்கப் போயிருந்தேன். அவர் வழக்கம்போல போய் உட்கார்ந்து கீயைத் தட்டியிருக்கிறார். சத்தமே இல்லை. கம்ப்யூட்டரோடு வேலை செய்யும்போது லோக்கல் கன்ட்ரோல் என்பதை அணைத்துவிட வேண்டும், அப்போது கீ போர்டு லேப்டாப்போடு மட்டும் பேசும், தன் சொந்தக் குரலில் பேசாது. லேப்டாப் மூடியிருந்தது.

"மாப்ள, என்ன செத்துப்போச்சா?" என்று ஹாலிலிருந்து குரல். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு டீயைக் கொட்டிக்கொண்டு ஓடினேன்.

"இல்ல மாமா, நான்தான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்."

"சத்தத்த ஆஃப் பண்ணிட்டு எதுக்குடா வாசிக்கற?"

விளக்கினேன். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. லோக்கலை ஆன் செய்து கொடுத்தேன். நாதஸ்வரத்தைப் போட்டு மல்லாரி வாசிக்க ஆரம்பித்தார், எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். நான் சத்தம் போடாமல் இன்டர்ஃபேஸில் கேபிளைச் சொருகி ரீப்பரில் பதிவை அழுத்தினேன்.

பி.கு. 1: மினிலாக் பக்கம் பிரௌசரில் இன்னும் திறந்தே கிடக்கிறது. மூடச் சொல்லாதீர்கள்.

பி.கு. 2: நாதஸ்வர டோனை அனுப்பு என்று யாரும் கேட்காதீர்கள். அது மாமாவுடையது. அவரைக் கேட்டால் தருவார், ஆனால் முதலில் ஒரு மணி நேரம் அது எப்படிச் செய்தது என்ற கதையைக் கேட்க வேண்டியிருக்கும்.